துணைக்கு ஒரு பிராணி

சின்சில்லா என்னும் சிறு பிராணியைக் கூண்டில் வளர்க்கிறவர்கள், அதனோடு ஒரே இல்லத்தில் வாழ்வதற்கு எத்தகைய முயலைத் தேர்ந்துகொள்வது என்று விசாரிப்பது மேனாடுகளிலே இன்று சாதாரணமான ஒரு விஷயம். இலங்கையின் வன்னிப் பெருநிலத்திலே குளமும் காடும் வயலுமாக வாழ்ந்த நம் முன்னோர்க்குச் சின்சில்லா என்ற பெயரே எட்டியிராது. ஆயினும், ஓர் உயிரின் அருகே மற்றோர் உயிரை நிறுத்தி, பின்னதன் சாந்த சுபாவத்தைக் கொண்டு முன்னதன் மருட்சியைத் தணிக்கும் வித்தையிலே அவர்கள் பல தலைமுறைக் காலம் பழகித் தேர்ந்தவர்கள் என்பதையும், அந்த வித்தையின் பலனையே அரசர்களும் அந்நியக் கும்பனியாரும் அவர்களிடம் திறையாகக் கேட்டு நின்றார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, முயற் கூண்டைப் பற்றிய அந்தச் சிறு வினாவுக்கும் நமது நாட்டுச் சரித்திரத்துக்கும் உறவு உண்டென்றே தோன்றுகிறது.

முதலில் அச்சிறு பிராணிகளின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். சின்சில்லா தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரிலே, வறண்டு குளிர்ந்த பாறைச் சரிவுகளில் கூட்டங் கூட்டமாக வாழ்ந்த பிராணி. ஒரே மயிர்த்துளையிலிருந்து ஐம்பது அறுபது மயிர்கள் அடர்ந்து முளைக்கும் அதன் தோலுக்கு ஐரோப்பியச் சீமாட்டிகளிடம் இருந்த மோகத்தினால் அது லட்சக்கணக்கில் கொல்லப்பட்டு, 1910ஆம் ஆண்டிலே சிலி, ஆர்ஜென்ரீனா, பொலிவியா, பேரு ஆகிய நாடுகள் கூடி அதன் வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்துகொள்ளும் நிலைமை உண்டாயிற்று. 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் பதினொரு சின்சில்லாக்களை, வழியில் வெப்பம் தாக்காதபடி பனிக்கட்டியின் குளிர்ச்சியில் காப்பாற்றி, உயிருடன் கலிபோர்னியாவில் இறக்கினார். இன்று வீடுகளில் வளர்வனவற்றுட் பெரும்பாலானவை அவற்றின் சந்ததியே. இருபத்தைந்து பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் தளர்ந்துபோவதும், நீரில் குளியாமல் நுண்ணிய புழுதியிலே புரண்டு உடலைச் சுத்தி செய்வதும், பகலை உறக்கத்தில் கழித்து இரவில் துள்ளி விளையாடுவதுமாகிய இப்பிராணி, கிளிநொச்சியின் வைகாசி வெயிலில், குளிர்சாதன அறை ஒன்று இல்லாமல், அதிக நாள் தரிக்கமாட்டாது.

வீட்டு முயலோ ஐபீரியத் தீபகற்பத்திலே வளை தோண்டி வாழ்ந்த ஓர் இனத்தின் வழிவந்தது. அது அந்தியிலும் விடியலிலும் ஊக்கங்கொள்வது; அதன் பின்னங்காலின் ஓர் உதை சின்சில்லாவின் மெல்லிய எலும்பை முறித்துவிடப் போதுமானது; அதன் மூச்சுக்குழலில் அதற்கு யாதொரு தீங்கும் செய்யாமல் குடியிருக்கும் சில கிருமிகள் மற்றச் சிறு பிராணிகளுக்கு நோயாக முடிவதும் உண்டு. ஆதலால், விஷயம் அறிந்தவர்கள் இரண்டையும் ஒரே கூண்டில் அடைக்கச் சொல்வதில்லை. காயடிக்கப்பட்டதும், வயதில் முதிர்ந்ததும், சந்தடிக்குப் பதறாததுமாகிய முயலொன்றைத் தேர்ந்து, ஒரே அறையில் தனித்தனிக் கூண்டுகளில் வைத்து, ஒன்றன் வாசனையும் ஓசையும் மற்றொன்றுக்குப் பழகும்படி விடுவதே அவர்கள் கூறும் உபாயம். இரண்டையும் ஒரே உடலில் கண்டு திருப்தியடைய விரும்புகிறவர்க்கு வேறொரு வழியும் இருக்கிறது. சின்சில்லாவின் சாம்பல் வர்ணத்தை முயலின் மேல் வரவழைக்க முயன்று, பிரான்சிலே டிபவுஸ்கி என்பவர் உண்டாக்கிய சின்சில்லா முயல் 1913இல் முதன்முதலாகக் கண்காட்சிக்கு வந்தது. அதன் கிளையாகிய சோவியத் சின்சில்லாவைத் தமிழ்நாட்டுப் பண்ணைகளில் இன்று சர்வசாதாரணமாகக் காணலாம்.

வன்னிக் காட்டின் முயல் இவற்றுக்குத் தூரத்து உறவே. பிடரியிலே கறுப்பு மயிருடைய அம்முயல் வளை தோண்டாது. புல்லைச் சற்றே அழுத்திப் பற்றையின் அடியிற் படுத்துக் கிடக்கும். அதன் குட்டிகள் உடல் நிறைய மயிரோடும் திறந்த விழிகளோடும் பிறந்து, பிறந்த சிறிது நேரத்திலேயே தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தலைப்படும். தாயின் வளைக்குள்ளே நெருங்கிக் கிடந்து வளரும் வழக்கமில்லாத அவ்வினம் கூண்டுக்கும் இணங்கவில்லை. மனிதனுடைய துணைப் பிராணியாகவும் ஆகவில்லை. அறுவடையான வயல்வெளியிலே தலைவிளக்கின் ஒளி கண்ணிற் பட்டதும் திகைத்து நின்றுவிடும் அதன் குணத்தினால், வன்னியான் முயலைப் பெரும்பாலும் கறியாகவே அறிந்து வைத்திருந்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

அவன் துணை தேடிக் கொடுத்தது அதனினும் ஆயிரம் மடங்கு பெரிய மிருகத்துக்கு.

பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்னும் பற்றுக்களாகப் பிரிந்து கிடந்த வன்னி நாட்டை ஆண்ட வன்னியர்கள், யாழ்ப்பாணத்து அரசர்க்கும், அவர்களுக்குப் பின் போர்த்துக்கேயர்க்கும், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்க்கும் ஆண்டுதோறும் செலுத்திவந்த திறை பொன்னாகவோ முத்தாகவோ இருக்கவில்லை; உயிருள்ள யானைகளாகவே இருந்தது. காட்டிலே பிடித்து, ஓரளவுக்குப் பழக்கி, கடனீரேரியின் ஆழமற்ற பகுதியைக் கடத்தி அவற்றை ஓட்டிச் சென்ற வழியே ஆனையிறவு என்று இன்றும் வழங்குகிறது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர்கள் யாழ்ப்பாணத்திலே அவற்றை முழக்கணக்கில் உயரம் அளந்து, காதிலோ வாலிலோ நகத்திலோ ஊனம் உண்டா என்று பார்த்து, அதற்கேற்ப விலை குறைத்து வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலே உத்தியோகம் பார்த்த உல்ப் என்ற ஜெர்மானியர், கெட்டியான பாய்ச்சீலையை மடித்துத் தைத்து, கால்களுக்கு நான்கு துவாரம் விட்டு, அதனை யானைக்கு உடுத்திக் கப்பலின் மேல் தூக்கிய காட்சியை எழுதிவைத்திருக்கிறார். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி சுவார்டெக்குறூன் தமக்குப் பின் வருவோர்க்கென்று விட்டுச்சென்ற குறிப்பேட்டிலே இந்த வியாபாரம் பெரிய இடத்தைப் பெற்றிருக்கிறது. வன்னியர் திறையைப் பாக்கி வைக்கிறார்கள் என்பது ஒல்லாந்த உத்தியோகத்தர்களின் தீராத குறை. யானையைப் பிடிப்பது எத்தகைய காரியம் என்பதைக் கோட்டைக்குள்ளே இருந்து கணக்கெழுதியவர்கள் உணர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

அக்காரியத்தைச் செய்தவர்கள் பணிக்கர்கள். வன்னிக் கிராமங்களிலே தமிழ்ப் பணிக்கர்களும், வடமேற்குக் கரையோரத்து ஊர்களிலே முஸ்லிம் பணிக்கர்களும் இதனைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்தார்கள். மான் தோலையோ எருமைத் தோலையோ கீறித் திரித்த வார்க்கயிற்றை ஏந்தி, காற்றின் போக்கை அறிந்து, எதிர்க்காற்றில் நடந்து, மேய்ந்து நிற்கும் யானையின் பின்னங்கால் சற்றே உயரும் கணத்திலே சுருக்கை நுழைத்து, கயிற்றின் மறுமுனையை அருகிலுள்ள மரத்திலே சுற்றிவிடும் அவர்களது லாகவத்தைக் கண்டு ஐரோப்பியர்கள் வியந்து எழுதினார்கள். அவ்வியப்பு நியாயமானதே. ஆனால், மிருகத்தைப் பற்றிய உண்மையான ஞானம் அந்த ஒரு கணத்தின் தைரியத்தைக் காட்டிலும், பிடிபட்ட பின் வந்த நாட்களிலேயே வெளிப்பட்டது என்பது என் கருத்து.

பிடிபட்ட யானை உண்ணாது. மண்ணை வாரித் தலையில் இறைத்துக்கொள்ளும், மரத்தை முட்டும், கயிற்றை இழுத்து இழுத்துக் காலைப் புண்ணாக்கிக்கொள்ளும், சில சமயம், வெளிப்படையான காயம் ஒன்றும் இல்லாமலே, படுத்தபடி உயிரை விட்டுவிடும். இந்த இடத்திலேதான் துணை யானை வேண்டும். புதிய யானையின் இருபுறமும் பழகிய யானை ஒவ்வொன்றை நிறுத்தி, அவை தின்பதைப் பார்த்து அதுவும் தின்னவும், அவை நீரில் இறங்குவதைப் பார்த்து அதுவும் இறங்கவும், அவை பாகனைச் சட்டை செய்யாமல் நிற்பதைக் கண்டு அதுவும் அவன் கைபடுவதைப் பொறுக்கவும் பழக்குவார்கள். ஓரிரண்டு மாதங்களில் துணையை மெல்ல மெல்ல விலக்கிவிடலாம்.

எந்த யானையும் இதற்குத் துணையாகிவிடாது. 1845இல் இலங்கைக்குக் குடியேற்றச் செயலாளராக வந்த சேர் எமர்சன் ரென்னன்ற், 1847இல் குருநாகல் பகுதியில் நடந்த யானை வேட்டையொன்றைக் கண்டு விரிவாக வருணித்தபோது, சிறிபெத்தி என்ற பெண் யானைக்கு ஒதுக்கியிருக்கும் பக்கங்கள், ஒரு சேனாபதிக்கு ஒதுக்கத்தக்கவை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த யானை, வேலியால் அடைத்த வெளிக்குள்ளே யாதொரு ஆரவாரமும் இல்லாமல், வழியிற் புல்லைப் பறித்துத் தின்றுகொண்டே அலட்சியமாக நடந்து சென்று, காட்டு யானையின் பக்கத்திலே ஒட்டி நின்று, சுருக்கிடுகிறவனுக்குத் தன் உடலையே மறைப்பாக்கிக் கொடுக்கும். காட்டு யானை கயிற்றைத் துதிக்கையால் பற்ற முயன்றால், ஒருவரும் ஏவாமலே தன் தலையால் அதனைத் தள்ளிவிடும். முதுமையும், பெண்மையும், அவசரமற்ற சுபாவமும் ஆகிய இம்மூன்றும் பொருந்தியதையே பார்வை யானையாகக் கொண்டார்கள். மதங்கொள்ளும் ஆணை, அது எத்துணைப் பலம் பொருந்தியதாயினும், முதல் நாட்களிலே அருகில் விடார். காயடித்த, வயது முதிர்ந்த, பதறாத முயலைத் தேடச் சொல்லும் இன்றைய மிருக வைத்தியரின் புத்திமதியோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், மிருகத்தின் அளவு மாறியதே ஒழிய அளவுகோல் அதிகம் மாறவில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு. முயலைத் தேடுகிறவர் சின்சில்லாவின் சுகத்தை நாடுகிறார். பணிக்கன் நாடியது யானையின் சுகத்தையன்று, அதன் பணிவை. சிறிபெத்தியின் சாந்தம் எத்தனையோ யானைகளுக்கு விலங்காக முடிந்தது. அதனை அன்பென்று வருணிக்கும் பழைய ஆசிரியர்களோடு என்னால் முற்றிலும் உடன்பட முடியவில்லை.

முள்ளியவளைப் பகுதியிலே வழங்கிவந்த வேலப்பணிக்கன் ஒப்பாரி என்னும் நாட்டார் இலக்கியம், இந்தத் தொழிலின் இன்னொரு பக்கத்தை நமக்குக் காட்டுகிறது. ஒருவராலும் பிடிக்க முடியாத கொம்பன் யானையொன்றை, வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை தனியாகச் சென்று அடக்கிக் கட்டினாள் என்றும், அந்தப் புகழைப் பொறாத உறவினர் அவளை நஞ்சூட்டிக் கொன்றார்கள் என்றும், கணவன் அவள்மேல் அழுது புலம்பினான் என்றும் அக்கதை செல்கிறது. அருணா செல்லத்துரை இதனை ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னும் கூத்தாக்கி மேடையேற்றினார். கதையிலே துணை யானை இல்லை. சுருக்கிடும் சாமர்த்தியத்தைக் காட்டிலும் அரியாத்தையின் வாக்குக்கும் கற்புக்குமே யானை பணிகிறது. யானை பிடித்தலை ஒரு குலத்தின் கௌரவமாகக் கருதிய சமுதாயம், அந்தக் கௌரவம் பெண்ணொருத்தியின் கைக்குப் போனபோது என்ன செய்தது என்பதை அவ்வொப்பாரி ஒளிக்காமல் சொல்கிறது.

1803இல் வன்னியர் தலைவனாகிய பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரைத் துரத்தியதும், அவ்வாண்டு ஐப்பசி 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதும் யாவரும் அறிந்தவை. வன்னியரின் ஆட்சி ஒழிந்ததோடு யானைத் திறையும் ஒழிந்தது. இந்திய அரசர்களின் சேனைகளிலே பீரங்கி யானையின் இடத்தைப் பிடித்துக்கொண்டபோது விலையும் வீழ்ந்தது. பிடிப்பாரும் வாங்குவாருமின்றிப் பெருகி வயலில் இறங்கிய யானைகளை அழிக்க ஆங்கில அரசாங்கம் தலைக்கு இத்தனை என்று சன்மானம் அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்திலே, வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதாக ரென்னன்ற் குறிக்கிறார். ஒரு காலத்தில் முழக்கணக்கில் அளந்து விற்ற செல்வத்தை, அடுத்த நூற்றாண்டில் வாலைக் கொண்டுவந்து காட்டினால் சில சில்லிங் என்று மதித்தார்கள். பணிக்கர்களின் வித்தைக்கு வன்னியிலே வேலையில்லாது போயிற்று. அந்த வித்தையின் உயிருள்ள கிளையைக் காண வேண்டுமானால் கடல் கடந்து, முதுமலையின் தெப்பக்காட்டுக்கும் ஆனைமலையின் கோழிகமுத்திக்கும் செல்ல வேண்டும். அங்கே, பிடிபட்ட யானையைக் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்து, அதன் அருகே கும்கிகள் எனப்படும் பழகிய யானைகளை நிறுத்துகிறார்கள். 2019இல் சின்னத்தம்பி என்ற யானை பிடிபட்டபோது துணை நின்ற கலீம் என்னும் கும்கி, 2023இல் அறுபதாம் வயதில் ஓய்வு பெற்றது. சின்னத்தம்பியும் பிற்பாடு கும்கியாகப் பழக்கப்பட்டது.

யானை போயினும் வன்னியில் மாடு இருந்தது. பட்டியிலிருந்து தவறிக் காட்டிலே பல தலைமுறை வாழ்ந்து, மனித வாடை பட்டதும் வாலை உயர்த்திக்கொண்டு ஓடும் குழுவன் மாடுகளை வார்க்கயிற்றால் வீழ்த்திப் பிடிப்பது, வன்னி இளைஞர்க்கு வீரமும் வருமானமுமாக இருந்தது. பிடித்த குழுவனை மரத்திலே கட்டிப் பட்டினி போட்டு, சற்றே அடங்கிய பின், பழகிய மாட்டோடு கழுத்துக்குக் கழுத்துப் பிணைத்து ஊருக்கு நடத்துவார்கள். குழுவன் ஒருபுறம் இழுக்க, வீட்டு மாடு தன் வழியே மேய்ந்துகொண்டு போகும். மைல் கணக்கில் இழுபட்டுக் களைத்த பிறகு எது எதனை நடத்துகிறது என்பது முடிவாகிவிடும். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு ‘நிலக்கிளி’யை 1973இல் எழுதிய அ. பாலமனோகரன், தமது ‘வட்டம்பூ’ என்னும் நாவலிலே குழுவன் பிடிக்கும் வாழ்க்கையைச் சித்திரித்திருக்கிறார். வன்னிக் காட்டை அறியாதவர்கள் அவ்விரு நூல்களிலிருந்தும் தொடங்கலாம்.

நெற்கதிரை மாடுகளைக் கொண்டு சூடு மிதிக்கும் களத்திலும் இதே ஆராய்ச்சிதான். மாடுகளை வரிசையாகக் கட்டிய பிணையலிலே உட்புறம் நிற்கும் மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். வெளிப்புற மாடு மற்றவற்றைக் காட்டிலும் பன்மடங்கு தூரம் சுற்ற வேண்டும். ஆகவே கிழட்டு மாடு உள்ளேயும், துடியான நாம்பன் வெளியேயும், புதிதாகப் பழகுவது அவ்விரண்டுக்கும் நடுவேயுமாகப் பிணைத்தால், களத்திலே சண்டை வராது. யானைக்குச் செய்ததும் இதுவே. வன்னிக் கைநூலை 1895இல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், களத்திலே வழங்கும் மறைமொழியை ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார். இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, குடியேற்றங்கள் தோன்றி, உழவு யந்திரமும் சூடடிக்கும் யந்திரமும் வந்து சேர்ந்த பின்னர், எந்த மாட்டுக்குப் பக்கத்தில் எந்த மாடு என்று யோசிக்க வேண்டிய அவசியமே அற்றுப்போயிற்று. மாடு பாலுக்கும் எருவுக்குமாகப் பட்டியில் நின்றது.

2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதியிலே வன்னி மக்கள் ஊர்களை விட்டு வெளியேறி முகாம்களுக்குச் சென்றபோது, அவிழ்த்து விடப்பட்ட பட்டிகள் கட்டாக்காலிகளாகி வீதிகளிலும் காடுகளிலும் திரிந்தன. பாலுக்குப் பழகிய பசுக்கள் கறப்பாரின்றி, மனித அரவங் கேட்டால் விலகி ஓடத் தொடங்கின. மீண்டு வந்தவர்கள் தத்தம் மாடுகளை இனங்காணக் குறிகளையே நம்ப வேண்டியிருந்தது. சுடப்பட்ட குறி தாய்ப்பசுவின் தொடையிலே இருந்தது. காட்டிலே பிறந்து, அத்தாயின் பின்னே நடந்து வந்த கன்றுகளின் தொடையிலே ஒன்றும் இருக்கவில்லை. தாயோடு சேர்ந்து பட்டிக்குள் நுழைந்த கன்று தாயின் சொந்தக்காரனுக்கு உரியது. தனித்து நின்றதற்கு உரிமை கேட்பவர் அதனைப் பிடித்துக் காட்டியாக வேண்டும். அதற்கு மறுபடியும் கயிறு திரிக்கவும், பக்கத்திலே கட்டுவதற்கு ஒரு சாதுவான மாட்டைத் தேடவும் வேண்டியிருந்தது.